வாய் திறந்தால் திறக்கும் கதவு

சந்திரசேகரனின் வாய்க்குள் நடப்பதெல்லாம் ஹெட்போன் வழியாகப் பரத்தின் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஏலக்காய் பல்லிடுக்கில் நசுங்கியது. நாக்கு மேலண்ணத்திலிருந்து பிசுக்கென்று பிரிந்தது. எச்சில் ஒரு மடக்காகத் தொண்டைக்குள் இறங்கியது. ஒரு ஆளின் வாயை இத்தனை நெருக்கத்தில் அவர் பெண்டாட்டிகூடக் கேட்டிருக்க மாட்டாள். காலையில் தின்ற இட்லி பரத்துக்கு நெஞ்சுவரை வந்துவிட்டுப் போனது.

"ஹலோ, ஹலோ. பரத், ஓகேவா?" என்றார் சந்திரசேகரன் மேடையிலிருந்து.

"ஓகே சார்," என்று பரத் மணமகள் அறையிலிருந்து குரல் கொடுத்தான்.

பொம்மனஹள்ளியைத் தாண்டி ஓசூர் ரோட்டிலேயே இருந்த கல்யாண மண்டபம் அது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றின் ஆண்டு விழாவுக்குச் சல்லிசாகக் கிடைத்திருந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த மணமகள் அறையில்தான் பரத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நிலைக்கண்ணாடி முழுக்க யார் யாரோ மணப்பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு. அதன் முன்னால் லேப்டாப், ஒரு ஆடியோ பெட்டி, சின்ன ஸ்பீக்கர் ஒன்று. பக்கத்து நாற்காலியில் கவியரசன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் இன்னொரு மைக்.

அன்றைக்கு மேடையில் பாடப்போவது சந்திரசேகரன். குரல் கவியரசனுடையது. இரண்டையும் ஒட்ட வைக்கும் திருட்டு வேலை பரத்துடையது.

சந்திரசேகரன் அந்தக் கம்பெனியின் டெலிவரி ஹெட். ஒரு மாடி முழுக்க உட்கார்ந்திருப்பவர்களின் இன்கிரிமென்ட் அவர் பேனா நுனியில் இருந்தது. அவருக்குப் பாட்டுப் பைத்தியம். பைத்தியம் இருந்தால் பரவாயில்லை, பாட்டு வரவில்லை. சுருதி ஒரு பக்கம் போனால் அவர் இன்னொரு பக்கம் போவார். போய்ச் சேர்ந்த இடத்தில் கண்ணை மூடி உருகுவார். முந்தின வருஷமும் உருகினார். அப்போது அமெரிக்காவிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. இந்த வருஷம் கிளையன்ட் வருகிறார்கள் என்றதும் அவருக்கே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

அது 2008 டிசம்பர். அமெரிக்காவில் பேங்குகள் கவிழ, இங்கே ஓசூர் ரோட்டில் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தன. கவியரசன் அப்போது பெஞ்சில் இருந்தான். பெஞ்ச் என்றால் சம்பளம் உண்டு, வேலை கிடையாது. நல்ல காலத்தில் அதற்குப் பெயர் ஓய்வு. அந்த வருஷம் பெஞ்சில் இருந்தவன் எல்லாம் இன்றைக்கா நாளைக்கா என்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். கவியரசன் தர்மபுரிக்காரன். கல்லூரி நாட்களில் கச்சேரிக் குழுவில் பாடியவன். கேன்டீனில் டபராவைத் தட்டிக்கொண்டு அவன் முணுமுணுத்தாலே பக்கத்து மேசைக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். குரலில் அலட்டல் கிடையாது. நம் வீட்டு ஆள் யாரோ பாடுவது மாதிரி இருக்கும்.

பரத்துக்கு வேறொரு கிறுக்கு. ராத்திரி பகலாக லேப்டாப்பில் பிளக்-இன் என்ற குட்டி மென்பொருள்களை ஏற்றி, குரலையும் கிடாரையும் முறுக்கிப் பிழிந்து பார்ப்பான். சந்திரசேகரன் இருவரையும் ஒன்றாகத் தன் கேபினுக்குக் கூப்பிட்டார்.

"என் குரலுக்கு ஒரு சப்போர்ட் மாதிரிப்பா. வேற ஒண்ணுமில்ல," என்றார். "கவி உள்ளேர்ந்து பாடட்டும். பரத், நீ டெக்னிக்கலா எதையாவது பண்ணி மிக்ஸ் பண்ணிடு. கவி, ஆனுவல் டே முடியட்டும். பார்மா ப்ராஜெக்ட்ல ஒரு சீட் காலியா இருக்கு. உன்னப் போட்டுடறேன்."

"தேங்க்ஸ் சார்," என்றான் கவியரசன். சொன்ன விதம் பரத்துக்குப் பிடிக்கவில்லை. அத்தனை நல்ல தொண்டையிலிருந்து அத்தனை குழைவாக ஒரு தேங்க்ஸ் வரக்கூடாது.

வெளியே வந்ததும் கேட்டான். "உனக்கு இது கேவலமா இல்லையாடா?"

"இருக்கு," என்றான் கவியரசன். "பிரபாவுக்கு மார்ச்ல டெலிவரி. டாக்டர் ஆபரேஷனா இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. கம்பெனி இன்ஷூரன்ஸ் அதுவரைக்கும் இருக்கணும். குனிஞ்சாதான் வேலைன்னா குனிஞ்சிட்டுப் போறேன், விடு."

பரத் விட்டுவிட்டான். உண்மையைச் சொன்னால், அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கேவலம் ஒரு பக்கம் இருக்கட்டும், எப்படிச் செய்வது என்ற கேள்வி அவனை ஆட்டி வைத்தது.

முதல் ஒத்திகை கான்ஃபரன்ஸ் அறையில் நடந்தது. கவியரசன் கதவுக்குப் பின்னால் நின்று பாடினான். சரணத்தின் நடுவில் சந்திரசேகரனுக்கு வரி மறந்தது. பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அவர் குரல்வளை ஏறி இறங்க, ஸ்பீக்கரில் 'அவர்' குரல் உருக்கமாகப் பாடிக்கொண்டேயிருந்தது. கூட உட்கார்ந்திருந்த எச்ஆர் வனஜா அவசரமாகத் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சந்திரசேகரன் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் வாய் தொறக்கலைன்னா இவன் சத்தம் வெளிய வரக்கூடாது. புரியுதா பரத்? நான் தொறந்தா வரணும். மூடினா நிக்கணும்."

பரத்துக்குப் புரிந்தது. அதற்கு ஒரு வழியும் தெரிந்தது. லேப்டாப்பில் இரண்டு பாதைகள். ஒன்றில் சந்திரசேகரனின் மேடை மைக், இன்னொன்றில் கவியரசனின் மைக். கவியரசனின் பாதையில் 'கேட்' என்று ஒரு பிளக்-இன். பேருக்கேற்றபடி அது ஒரு கதவுதான். சத்தம் வந்தால் திறக்கும், நின்றால் மூடும். சாதாரணமாக அது தன் பாதையில் வரும் சத்தத்துக்குத்தான் திறக்கும். அப்படி இல்லாமல், பக்கத்துப் பாதையின் சத்தத்தைச் சாவியாகக் கொடுத்தால் அதற்குப் பெயர் சைட்செயின். சந்திரசேகரன் வாயைத் திறந்தால் கவியரசனின் கதவு திறக்கும். அவர் மூடினால், கவியரசன் உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு பொட்டுச் சத்தம் வெளியே போகாது.

ஆனால் அந்த மென்பொருளில் அருகருகே ஓடும் பாதைகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. ஒரே வீட்டில் பேசாமலிருக்கும் அண்ணன் தம்பி மாதிரி. பரத் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒத்திகைப் பதிவோடு உட்கார்ந்து, சும்மா கிடந்த மூன்றாம் நான்காம் சேனல்களை இழுத்து, சந்திரசேகரனின் குரலில் ஒரு நகலை அவற்றின் வழியாகக் கவியரசனின் கேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். முதலில் அந்த நகல் வெளியேயும் கசிந்து, சந்திரசேகரன் இரண்டு ஆளாகப் பாடினார். அதையும் அடைத்தான். அவருடைய சொந்தக் குரலைப் பேருக்கு மட்டும் கேட்கும்படி இறக்கி வைத்தான். கதவு தப்பாமல் திறக்க வேண்டும் என்று நகலின் சத்தத்தைப் பல மடங்கு ஏற்றினான். அதனால்தான் இப்போது அவர் எச்சில் விழுங்குவது ஹெட்போனில் கிணற்றில் கல் போட்டது மாதிரி கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது வேலை செய்தபோது பரத் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டான். யாருடைய வாயை யாருடைய வாய்க்குப் பூட்டாகப் போட்டோம் என்று அப்போது அவன் யோசிக்கவில்லை.

விழா தொடங்கியது. குத்துவிளக்கு, வரவேற்பு, முன்வரிசையில் கிளையன்ட்டுக்குச் சந்தன மாலை. வாடகைக்கு வந்திருந்த மிக்ஸர் முன்னால் விவேக் நகர் சவுண்டு சர்வீஸ் முனிராஜ் உட்கார்ந்திருந்தார். மேடை மைக் நேராக பரத்தின் லேப்டாப்புக்கு வந்து, அங்கிருந்து முனிராஜிடம் போய், ஹாலுக்குப் போகும். கரோக்கே இசை தொடங்கியது. வீடியோக்காரர் கொடுத்த சின்ன டிவியில் சந்திரசேகரன் தெரிந்தார். கவியரசன் டிவியில் அவர் உதட்டைப் பார்த்தபடி பாடினான்.

ஒரு பழைய சோகப் பாட்டு. திரையில் கேட்டின் விளக்கு, அவர் வாய் திறக்கும்போதெல்லாம் பச்சையாக எரிந்தது. அவர் ஒரு இடத்தில் அவசரப்பட்டு முன்னதாகவே நிறுத்தினார். கவியரசன் அந்த வரியின் கடைசி எழுத்தை அழகாக இழுத்துக்கொண்டிருந்தான். விளக்கு அணைந்தது. ஹாலில் அந்த எழுத்து இல்லை. அறைக்குள் மட்டும் அது முழுசாக முடிந்தது. பரத் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தான். நெற்றிக்கு நேராக எவளோ ஒட்டிய பொட்டு. எடுத்து எறிய வேண்டும்போல இருந்தது, பொட்டை அல்ல, மூஞ்சியை.

கைதட்டல் பலமாக இருந்தது. "யாருக்குள்ள என்ன திறமை ஒளிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்," என்றாள் தொகுப்பாளினி. சந்திரசேகரன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

இரண்டாவது பாட்டுக்கு முன் டெஸ்டிங் டீம் பெண்களின் நடனம். சந்திரசேகரன் மைக்கைக் கையில் பிடித்தபடியே மேடையிலிருந்து இறங்கினார்.

"சார், மைக்கு கட் பண்ணிட்டேன். ஆராமா இருங்க," என்று முனிராஜ் கத்தினார்.

முனிராஜ் கட் செய்தது தன் மிக்ஸரில். அதாவது லேப்டாப்பிலிருந்து ஹாலுக்குப் போகிற சத்தத்தை. மைக்கிலிருந்து லேப்டாப்புக்கு வருவதை யாரும் கட் செய்யவில்லை. பரத்தின் ஹெட்போனில் சந்திரசேகரன் படியிறங்கினார், மூச்சு வாங்கினார், பஜ்ஜியோ வடையோ எதையோ கடித்தார். மொறுமொறுவென்று ஆரம்பித்து, நாலு மெல்லலில் சொதசொதவென்று ஆனது. பரத் ஹெட்போனைக் கழற்றப் போனான்.

"வனஜா, திங்கக்கிழமை வீட்டுக்கு அனுப்பற லிஸ்ட்ல அந்தப் பையன் இருக்கான்ல? கவி?"

வனஜாவின் குரல் எங்கோ தள்ளிக் கேட்டது. "இருக்கான் சார். நீங்க பார்மால போடறேன்னு சொன்னதால, எடுத்துடலாமான்னு..."

"சேச்சே. அது சும்மா சொன்னது. இருக்கட்டும். ஆனா இப்ப மூச்சு விட்டுடாதீங்க. இன்னும் ஒரு பாட்டு பாக்கி. இப்பத் தெரிஞ்சா அவனுக்குத் தொண்டை அடைச்சிக்கும்."

அந்த 'தொண்டை' என்ற சொல்லை அவர் வாய் நிறைய வடையோடு சொன்னார். பரத்துக்கு உடம்பு கூசியது. பல்லியை மிதித்துவிட்ட காலைப் போல, காதைக் கழுவ வேண்டும் என்று இருந்தது. பக்கத்தில் கவியரசன் அடுத்த பாட்டுக்காகத் தொண்டையைப் பதமாகச் செருமிக்கொண்டிருந்தான். பரத் ஹெட்போன் வயரைப் பிடுங்கினான். பிடுங்கினால் சத்தம் மேசைமேல் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் வரும். இவன் கேட்கட்டும், இவன் காதால் கேட்கட்டும் என்று நினைத்தான்.

"பாவம் சார், அவன் ஒய்ஃப் ப்ரெக்னன்ட்னு..." என்றது வனஜாவின் குரல், அறைக்குள்.

"அதுக்கு நாம என்ன பண்றது? கவி பேரு லிஸ்ட்ல இருந்தா இருந்ததுதான்." மெல்லும் சத்தம். "பார்மாவுக்கு அந்த பரத்தப் போட்டுடுங்க. என்ன மூளை தெரியுமா அவனுக்கு. கவிய என் வாயோட கட்டி வெச்சிருக்கான் பாருங்க, சூப்பர்." விரலைச் சப்பும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. "கையத் தொடைக்க டிஷ்யூ இருக்கா?"

பரத் ஸ்பீக்கரைத் திருகி அணைத்தான். தன் பேர் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அதைவிட மோசம், பேர் வந்தபோது, இமை கொட்டுகிற நேரம்தான், மனசுக்குள் ஏதோ இனித்துவிட்டது. அதை அவன் தெளிவாக உணர்ந்தான். வடை தின்ற அந்த விரல் தன் நாக்கில் பட்டது மாதிரி இருந்தது.

கவியரசன் வெந்நீர் பிளாஸ்கின் மூடியை மெதுவாகத் திருகி மூடினான்.

"இது ஹால்ல கேக்குதா?" என்றான்.

"இல்ல. முனிராஜ் அண்ணன் கட் பண்ணிட்டாரு. நமக்கு மட்டும்தான்."

"ம்." கொஞ்ச நேரம் டிவியில் ஆடும் பெண்களைப் பார்த்தான். "நான் பாடல பரத்."

"பாடாத. அந்தாளு சொந்தக் குரல முழுசா ஏத்தி விடறேன். கிளையன்ட்டு, ஆபீஸு, எல்லாரும் கேக்கட்டும். மானம் போகட்டும்."

கவியரசன் மைக்கை அணைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

இரண்டாவது பாட்டு தொடங்கியது. சந்திரசேகரன் வாயைத் திறந்தார். கேட்டின் விளக்கு பச்சையாக எரிந்தது. கதவு திறந்தது, உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. வாய் மூடியபோது அணைந்தது. மறுபடி திறந்தார், மறுபடி எரிந்தது. பரத் அவருடைய குரலை அது போகிற மட்டும் ஏற்றிவிட்டான். எந்தப் பூச்சும் இல்லாமல், சளியும் மூச்சும் சுருதி தப்பிய உருக்கமுமாக அந்தக் குரல் ஆளுயர ஸ்பீக்கர்களில் கொட்டியது. தன் காலடி ஸ்பீக்கரில் வாத்தியம் மட்டும் போதும் என்று அவரே சொல்லியிருந்ததால், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மேல் ஸ்தாயியில் அவர் தொண்டை கிறீச்சிட்டு உடைந்தது. கண்ணை மூடி உருகினார்.

பரத் கதவிடுக்கில் போய் நின்று ஹாலைப் பார்த்தான். சிரிப்புக்காகக் காத்திருந்தான். ஒரு ஆளாவது சிரிக்க வேண்டும், ஒரு ஆளாவது பக்கத்து ஆளின் காதில் எதையாவது சொல்ல வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. ப்ராஜெக்ட் மேனேஜர்கள் தலையை ஆட்டித் தாளம் போட்டார்கள். பின்வரிசையில் பெஞ்சில் இருக்கும் பையன்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாகத் தாளம் போட்டார்கள். பாட்டு முடியும் முன்பே முன்வரிசை எழுந்து நின்றது. அதைப் பார்த்து அடுத்த வரிசை எழுந்தது. கிளையன்ட் வெள்ளைக்காரர்களும் மாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். மண்டபம் அதிர்ந்தது. முதல் பாட்டுக்கு வந்த கைதட்டல் இதில் பாதிகூட இல்லை.

"முதல் பாட்டு சிடி மாதிரி இருந்துச்சுப்பா. இதான் லைவ்," என்று யாரோ ஒருத்தன் கதவுக்குப் பக்கத்தில் சொன்னான். நிஜமாகவே சொன்னான்.

இந்த ஜனங்களுக்குக் காது இல்லை என்பதா, இருந்தும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதா. ஆக இத்தனை நாளும் இந்தப் பாதையும் சாவியும் கதவும் யாருக்காக? இந்த ஹாலில் நல்ல குரலைக் கேட்க ஒரு ஆள்கூட வந்திருக்கவில்லை. வேண்டாத சந்தையில் கொண்டுபோய்க் கவியரசனின் குரலை விற்றிருக்கிறான் பரத்.

சந்திரசேகரன் அறைக்குள் வந்தார். வேர்த்து வழிய, முகம் பூரித்திருந்தது. கவியரசனின் தோளில் கையைப் போட்டார்.

"ரெண்டாவது பாட்டு என்னமா வந்திருக்குப்பா. உன் குரல் என் குரலோட அப்படியே கரைஞ்சிடுச்சு. நானே பாடற மாதிரி இருந்துச்சு."

"ரெண்டாவது பாட்டு நான் பாடல சார்," என்றான் கவியரசன்.

சந்திரசேகரன் பரத்தைப் பார்த்தார். பரத் அணைந்திருந்த மைக்கைக் காட்டினான். இப்போதாவது இந்த ஆளின் முகம் சுருங்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றான். திங்கட்கிழமை லிஸ்டைப் பற்றிக் கேட்க வேண்டிய சொற்கள் தொண்டையில் வரிசை கட்டி நின்றன.

"நீ பாடலையா?" என்றார் சந்திரசேகரன். "அப்ப அவ்வளவும் நானா?"

"நீங்கதான் சார்."

அவர் கண் கலங்கிவிட்டது. ஏன் பாடவில்லை என்று அவர் கேட்கவேயில்லை. அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. கவியரசனின் தோளை இரண்டு தட்டு தட்டினார். "எல்லாரும் எழுந்து நின்னாங்கப்பா. பாத்தீங்கல்ல? இனிமே நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு கஷ்டப்பட வேணாம்." வெளியே யாரோ கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷத்தை, பழிவாங்கப் போன இரண்டு பேரும் கையில் எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

கவியரசன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான்.

"சாப்ட்டுப் போடா," என்றான் பரத். சொன்ன பிறகு இதென்ன பேச்சு என்று இருந்தது.

"வேணாம். பிரபா தனியா இருப்பா." கதவுவரை போனவன் நின்றான். "திங்கக்கிழமை என் பேரு லிஸ்ட்ல இருக்கும். உன்னப் பார்மாவுக்குக் கூப்பிடுவாங்க. போவியா?"

அவன் குரலில் குத்தல் இல்லை. வெறும் கேள்விதான். குத்தியிருந்தால் பரத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். அந்த ஒரு சொல் போதும், இந்தச் சாயங்காலத்தில் ஏதாவது ஒன்றையாவது சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். வாய் திறந்துதான் இருந்தது.

"தெரியலடா," என்றான்.

கவியரசன் தலையை ஆட்டினான், புரிகிறது என்பதுபோல. பஸ் பிடிக்க ரோட்டுப் பக்கம் நடந்தான்.

திங்கட்கிழமை காலை வனஜா போன் செய்தபோது பரத் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. பார்மா டீம் உட்காரும் மாடிக்குப் படியேறியே போனான். அங்கே அவனுக்கு ஜன்னலோரத்தில் நல்ல இடமாக ஒதுக்கியிருந்தார்கள்.